அத்தியாயம் 5: பதிவுக்கும் சோதனைக்கும் வீட்டை ஆயத்தப்படுத்துதல்

சேர்வராயன் மலையின் கொட்டச்சேட்டில் காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கும் கார்த்திகையிலிருந்து அறுவடை ஓயும் தை மாசி வரைக்கும் பிள்ளை பார்க்க ஆள் தேடும் தாய்மார் அதிகம். பழம் பறிக்கப் போகிறவர் காலையிலேயே கிளம்பியாக வேண்டும். பால்வாடி திறக்கும்வரை மேஸ்திரி காத்திருக்க மாட்டார். ஏற்காட்டு விடுதிகளில் அறை சுத்தம் செய்யும் பெண்களுக்கு இன்னொரு சிக்கல்: அவர்களுக்கு வேலை மிகுந்த ஞாயிற்றுக்கிழமைதான் பால்வாடிக்கு விடுமுறை. இந்த இடைவெளியைப் பெரும்பாலும் பக்கத்து வீட்டு அக்காவோ வேலையிலிருந்து நின்றுவிட்ட பாட்டியோதான் அடைக்கிறார்கள். அந்த அக்கா இதையே முறையான தொழிலாகச் செய்ய நினைத்தால் என்ன காகிதம் வேண்டும், யார் வந்து பார்ப்பார்கள், வீட்டில் எதை மாற்ற வேண்டும் என்பதைச் சொல்வதே இந்த அத்தியாயம்.

முதலில், நீங்கள் நடத்துவது என்ன?

தன் சொந்த வீட்டில் மூன்று நான்கு பிள்ளைகளைப் பகலில் மட்டும் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கென்று நம் நாட்டில் தனி உரிமச் சட்டம் இல்லை. இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை உறவினர் அல்லாத ஒருவர் தன் வீட்டில் நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் காசு வாங்கிக்கொண்டு பார்த்தால், 2006-ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். ஆஃப்ஸ்டெட் என்ற அரசு அமைப்பு பதிவுக்கு முன்னால் வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்க்கும், பதிவுக்குப் பிறகும் சோதிக்கும். லண்டன் பக்கம் போய்க் குடியேறிய நம் பெண்களும் இந்த வழியாகப் பதிவுபெற்றுத் தொழில் செய்கிறார்கள். அவர்களிடம் கேட்கப்படும் கேள்விகள் நமக்கும் பொருந்துவதால், இந்த அத்தியாயத்தில் அங்கங்கே அந்த அளவுகோலை எடுத்துக்கொள்கிறேன்.

தனிச் சட்டம் இல்லை என்பதற்காக எந்தச் சட்டமும் உங்களைத் தொடாது என்று இருந்துவிடக் கூடாது. நீங்கள் செய்யும் காரியம் சற்றே விரிந்தாலும் வேறொரு சட்டத்தின் எல்லைக்குள் போய்விடுவீர்கள்.

வாசலில் 'பிளே ஸ்கூல்' என்று போர்டு மாட்டினால் நீங்கள் பள்ளி நடத்துகிறீர்கள். தமிழ்நாடு அரசு 2015-இல் விளையாட்டுப் பள்ளிகளுக்கென்று ஒழுங்குமுறை விதிகள் கொண்டுவந்தது. கல்வித் துறையின் அங்கீகாரம் வேண்டும். அதோடு கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று ஆகியவையும் வரிசையாக வரும். லயன் வீட்டிலோ இரண்டு அறை ஓட்டு வீட்டிலோ இருப்பவருக்கு இது எட்டாத வேலை. நாலு பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுப்பதைப் பெருமையாக நினைத்துப் போர்டு எழுதி மாட்டுகிறவர்கள் பிறகு அந்தப் போர்டாலேயே சிக்கலில் மாட்டுகிறார்கள். 'பகல்நேரப் பிள்ளை பராமரிப்பு' என்று எழுதுங்கள், அல்லது எழுதாமலே விடுங்கள்.

பிள்ளைகள் இரவு தங்கினால் அது வேறு கதை. பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்த 2014-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. அதன்படி உரிமம் தருபவர் மாவட்ட ஆட்சியர். ஆதரவற்ற பிள்ளைகளை வைத்துப் பராமரிப்பதென்றால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி பதிவு கட்டாயம். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "ரெண்டு நாள் திருப்பூர் போய்ட்டு வந்துடறேன், பாப்பாவ வச்சுக்கோங்கக்கா" என்று கேட்கும் தாய்க்கு, உறவுக்காரர் அல்லாதபோது, முடியாது என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். மனத்துக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

எஸ்டேட் சார்பில் பிள்ளைகளைப் பார்ப்பவருக்கு வேறு முறை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தத்தில் வருகிறவர்களையும் சேர்த்து 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்திலும், பெண் தொழிலாளர்களின் பிள்ளைகள் 20 பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்திலும் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்காகக் குழந்தைகள் காப்பகம் நடத்தச் சொன்னது. காற்றும் வெளிச்சமும் உள்ள அறை வேண்டும், குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் அது இருக்க வேண்டும் என்பதும் அதிலேயே உண்டு. இலங்கை மலையகத்தில் பிள்ளைக்காம்பரா என்று அழைப்பார்களே, அதே ஏற்பாடுதான். நாடாளுமன்றம் 2020-இல் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு இந்தப் பழைய சட்டத்தையும் தனக்குள் சேர்த்துக்கொண்டது. சேர்வராயன் மலையில் சிறிய தோட்டங்கள் நிறைய. அவற்றில் பல இந்த எண்ணிக்கையை எட்டாது, அதனால்தான் உங்களைத் தேடி வருகிறார்கள். எட்டுகிற தோட்டமாக இருந்தால் அந்த ஆயா வேலையையே கேட்டுப் பாருங்கள். ஏற்காட்டு விடுதிகளுக்கும் இதே போன்ற கடமை உண்டு. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும் என்றது, தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கவும் வழி செய்தது. பெரிய விடுதி ஒன்றின் மேலாளரிடம் பேசப் போகும்போது இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

அரசுத் திட்டம் என்றால் இப்போது இருப்பது 'பால்னா'. முன்பு ராஜீவ் காந்தி பெயரிலும், 2017 முதல் தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டம் என்றும் நடந்தது, 2022-இல் மிஷன் சக்தியின் கீழ் இந்தப் பெயருக்கு மாறியது. நாடு முழுக்க 17,000 அங்கன்வாடிகளைக் காப்பகத்தோடு சேர்த்து நடத்துவது இதன் இலக்கு. உங்கள் ஊர் அங்கன்வாடியில் அப்படி ஒன்று வருமா, அதற்குக் காப்பகப் பணியாளர் எடுப்பார்களா என்பதை ஏற்காடு ஒன்றியத்தைக் கவனிக்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். வாய்மொழியாகக் கேட்ட கேள்வி மறந்துபோகும்.

நீங்களாக எடுத்து வைக்க வேண்டிய காகிதங்கள்

இவையெல்லாம் உங்களுக்குப் பொருந்தவில்லை, பகலில் மட்டும் சில பிள்ளைகளைப் பார்க்கிறீர்கள் என்றால், கீழே சொல்வதே போதும்.

உத்யம் இணையதளத்தில் சிறுதொழிலாகப் பதிவு செய்யலாம். ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் கிடையாது. காசு கேட்டு உதவிக்கு வருகிற இடைத்தரகரை நம்ப வேண்டாம். பிள்ளைகளுக்கு நீங்களே சமைத்துப் போட்டு அதற்கும் சேர்த்துக் காசு வாங்குவதாக இருந்தால், உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு உணவு வணிகர் பதிவும் எடுத்துவிடுங்கள். ஆண்டுக்கு 100 ரூபாய்தான். தாய்மார்களே டிபன் டப்பாவில் கொடுத்து அனுப்பும் ஏற்பாடு முதல் வருஷத்துக்கு இன்னும் எளிது. எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பது உங்களுக்கும் அதற்குள் பிடிபட்டுவிடும்.

நீங்கள் இருப்பது எஸ்டேட் லயன் என்றால், வீடு எஸ்டேட்டுடையது. நிர்வாகத்திடம் சம்மதக் கடிதம் வாங்காமல் தொடங்க வேண்டாம். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம். உங்களுக்கு உடல்நலச் சான்று ஒன்று, காசநோய் இல்லை என்பதையும் பார்த்து, ஏற்காடு அரசு மருத்துவமனையில் வாங்கிக்கொள்ளலாம்.

பலரும் தயங்குவது காவல்துறைச் சரிபார்ப்பில்தான். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளம் வழியாகத் தன்னைத் தானே சரிபார்த்துச் சான்று வாங்கும் வசதி உண்டு. உங்களுக்கு மட்டும் வாங்கினால் பாதி வேலைதான் முடிந்தது. இங்கிலாந்தில் பதிவு கேட்கும் பெண்ணின் வீட்டில் 16 வயது நிரம்பிய அத்தனை பேரின் பின்னணியையும் பார்ப்பார்கள். காரணம் எளிது: பிள்ளை பார்க்கும் இடம் வீடு, வீட்டில் கணவர் இருப்பார், வளர்ந்த மகன் இருப்பான், கொழுந்தனார் வந்து தங்குவார். அவர்களைப் பற்றியும் தாய்மாருக்கு உத்தரவாதம் வேண்டும். "என் வீட்டு ஆம்பளைய சந்தேகப்படறீங்களா" என்று யாராவது கோபித்துக்கொண்டால், யாரையும் சந்தேகப்படாமல் எல்லாரையும் கேட்பதுதான் இந்த முறை என்று பொறுமையாகச் சொல்லுங்கள். வீட்டில் குடிப்பவர் இருந்து, பகலிலும் குடிப்பார் என்றால், இந்தத் தொழிலை அந்த வீட்டில் தொடங்கவே வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தைப் பற்றியும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்று தெரிந்தால், நடந்திருக்கும் என்று பயந்தாலும், காவல்துறைக்குச் சொல்வது கட்டாயம். சொல்லாமல் மறைப்பது ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம். குடும்ப மானம், ஊர்ப் பேச்சு எதுவும் இதற்கு விலக்கு ஆகாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். பக்கத்திலேயே ஆம்புலன்சுக்கான 108.

தரையில் உட்கார்ந்து பாருங்கள்

சோதனைக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் வீட்டைத்தான் பார்ப்பார். அவர் வருவதற்குள் நீங்கள் தரையில் உட்கார்ந்து, தவழ்ந்தும் போய், இரண்டடி உயரத்தில் கண்ணை வைத்து வீட்டை ஒரு சுற்று பாருங்கள். நின்றுகொண்டு பார்க்கும்போது தெரியாத பிளக் பாயிண்ட், கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடக்கும் பாட்டரி, கதவு இடுக்கு எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும்.

நம் ஊர் வீடுகளில் என் முதல் பயம் மயில்துத்தம். காப்பிக்கும் மிளகுக்கும் மழைக்கு முன்னால் போர்டோ கலவை அடிக்காத தோட்டம் குறைவு. மிச்சமான துத்தம் காகிதப் பொட்டலத்திலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். கற்கண்டு மாதிரி கட்டி, பார்க்கவே ஆசையாக இருக்கும் நீலம். இரண்டு வயதுப் பிள்ளை அதை வாயில் போடாது என்று யாரும் சொல்ல முடியாது. அதோடு சுண்ணாம்பு, களைக்கொல்லி, தெளிப்பான், தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த டீசல், மண்ணெண்ணெய். இவற்றை மேல் பரணில் வைத்தால் போதாது, வீட்டுக்கு வெளியே பூட்டுப்போட்ட பெட்டியில் வையுங்கள். குடிக்கிற பாட்டிலில் எந்த மருந்தையும் ஊற்றி வைக்கக் கூடாது என்பதை வீட்டு ஆண்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பிள்ளை எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அடுத்தது களம். அறுவடைக் காலத்தில் வாசலில் காப்பியும் மிளகும் காயும். காப்பிக் கொட்டையை மூக்கில் திணித்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு, மிளகை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு மூச்சுத் திணறும் பிள்ளைகளும் உண்டு. பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் களத்துக்கும் வீட்டுக்கும் நடுவே படல் ஒன்று இருக்க வேண்டும். நிலக்கடலை, முழுத் திராட்சை, பலாக்கொட்டை, ஆரஞ்சு விதை ஆகியவை ஐந்து வயதுக்கு உட்பட்டவருக்குத் தொண்டையில் சிக்கக்கூடியவை. சிக்கினால் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தலை தாழ்த்திக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் ஐந்து தட்டு, பிறகு மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவில் இரு விரலால் ஐந்து அழுத்தம். பெரிய பிள்ளைக்கு முதுகில் ஐந்து தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்தம். இதைப் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. கிராம சுகாதாரச் செவிலியரிடமோ முதலுதவிப் பயிற்சியிலோ கையால் செய்து பழகுங்கள். இங்கிலாந்தில் குழந்தை முதலுதவிப் பயிற்சி 12 மணி நேரம் முடித்துச் சான்று காட்டாமல் பிள்ளை பார்க்கும் தொழிலைத் தொடங்க முடியாது. நாமும் அதைப் பார்த்து ஒரு நாளை ஒதுக்குவதில் தவறில்லை.

தண்ணீர் நிற்கும் இடங்கள் எல்லாவற்றையும் மூடுங்கள். பழம் கழுவும் தொட்டி, குளியலறை அண்டா, மழைநீர் பிடிக்கும் பிளாஸ்டிக் டிரம் எல்லாம் இதில் சேரும். ஒரு வயதுப் பிள்ளை மூழ்குவதற்குக் கால் வாளித் தண்ணீர் போதும், சத்தமும் கேட்காது.

அடுப்பு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறையில் பிடித்த தீ கூரைக்குத் தாவி 94 பிள்ளைகள் இறந்தார்கள். கீற்றுக்கூரையின் கீழ் பள்ளி நடத்தக் கூடாது என்ற கண்டிப்பு அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் இறுகியது. உங்கள் வீட்டின் ஒரு பக்கம் கீற்றோ புல்லோ வேய்ந்த சாய்ப்பு என்றால் அங்கே பிள்ளைகளைத் தூங்க வைக்காதீர்கள். விறகு அடுப்பையும் பிள்ளைகள் இருக்கும் இடத்தையும் ஒரே அறையில் வைக்காதீர்கள், நடுவே இடுப்பளவு தடுப்பாவது வேண்டும். மார்கழி தையில் குளிருக்காகக் கரி மூட்டி அறைக்குள் கணப்பு வைக்கும் பழக்கம் இங்கே உண்டு. கதவு சன்னலை மூடிக்கொண்டு வைத்தால் அதிலிருந்து வரும் நச்சு வாயு, வாசனையே தெரியாமல், தூங்குகிற பிள்ளையைக் கொன்றுவிடும். குளிருக்குக் கம்பளியும் தொப்பியும் போடுங்கள், கரி வேண்டாம். சுட்டுக்கொண்ட பிள்ளைக்கு இருபது நிமிடம் ஓடும் குளிர்ந்த தண்ணீர். இங்க்கும் பற்பசையும் தடவக் கூடாது.

தூளியைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். சேலைத் தூளியில் பிள்ளை நன்றாகத் தூங்கும், அதை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேறு பிள்ளைகளும் இருக்கும் வீட்டில் மூன்று வயதுக்காரன் வந்து வேகமாக ஆட்டுவான், உள்ளே ஏறப் பார்ப்பான். கொக்கி பெரிய ஆள் தொங்கினாலும் தாங்குகிறதா, தூளிக்கு நேர் கீழே சிமெண்டுத் தரையில் மெத்தை கிடக்கிறதா, தூங்குகிற பிள்ளை உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கைக்குழந்தையைத் தரையில் படுக்க வைத்தால் மல்லாக்க. முகத்துக்குப் பக்கத்தில் தலையணையோ தளர்ந்த துணியோ இருக்கக் கூடாது.

வெளியே வேலி. காட்டெருமை தோட்டத்துக்குள் இறங்குவது நமக்குப் புதிதில்லை, குரங்கும் வந்து சோற்றைப் பிடுங்கும். பிள்ளைகளை வாசலில் தனியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகவே கூடாது. பாம்பு கடித்தால் கீறுவதும் கட்டுப்போடுவதும் வேண்டாம். அசையாமல் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். மூடுபனி நேரத்தில் வண்டி மெதுவாகத்தான் வரும், குப்பனூர் சாலையில் மழைக்கு மண் சரிந்தால் வழியும் அடையும். ஆட்டோவோ ஜீப்போ வைத்திருக்கும் இரண்டு பேரிடம் முன்கூட்டியே பேசி, அவர்கள் எண்ணையும் சுவரில் எழுதுங்கள்.

எத்தனை பிள்ளைகள்

தேசியக் காப்பகத் திட்டத்தில் ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் 25 பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று வைத்தார்கள். இங்கிலாந்தில் தனியாக வீட்டில் பார்ப்பவர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் பொதுவாக மூன்று பேரைத்தான் வைத்துக்கொள்ளலாம், அதிலும் ஒரு வயதுக்குள் ஒருவர்தான். இரண்டுக்கும் உள்ள தூரம் பெரியது. வீட்டில் தனி ஆளாக இருக்கும் உங்களுக்கு இரண்டாவது எண்ணிக்கைக்குப் பக்கத்தில் நிற்பதுதான் சரி என்பது என் எண்ணம். நான்கு போதும், கைக்குழந்தை ஒன்று. உங்கள் சொந்தப் பிள்ளையையும் சேர்த்து எண்ணுங்கள். தீப்பிடித்தால் ஒரே தடவையில் எத்தனை பேரை வெளியே கொண்டுவர முடியும் என்று உங்களையே கேட்டுக்கொண்டால் எண்ணிக்கை தானாகத் தெரிந்துவிடும்.

அறுவடை நேரத்தில் "இவனையும் சேத்துப் பாத்துக்கோங்கக்கா, ஒரு மாசம்தான்" என்று ஐந்தாவது, ஆறாவது பிள்ளையைக் கொண்டுவருவார்கள். அந்த ஒரு மாதத்துக்கு இன்னொரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள முடிந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

நோட்டுகள்

அதிகாரி கேட்பது பெரும்பாலும் நோட்டுதான். ஏதாவது நடந்தபின் காவல் நிலையத்தில் உங்களைக் காப்பாற்றப்போவதும் அதுதான்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம்: பெயர், பிறந்த தேதி, தாய் தகப்பன் கைபேசி எண், வேலை செய்யும் தோட்டம், மேஸ்திரியின் எண், ஒவ்வாமை, தடுப்பூசி அட்டையின் நகல். ஒன்பது மாதத்தில் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா ஊசி விட்டுப்போயிருந்தால் தாயிடம் சொல்லிச் செவிலியர் வரும் நாளையும் குறித்துக் கொடுங்கள். பிள்ளையை யார் யார் வந்து கூட்டிப்போகலாம் என்பதைத் தாயின் கையெழுத்தோடு அதே பக்கத்தில் எழுதி வாங்குங்கள். பட்டியலில் இல்லாதவர் வந்தால், அது பிள்ளையின் மாமாவாகவே இருந்தாலும், தாய்க்குப் போன் போட்டுக் கேட்காமல் அனுப்பக் கூடாது. தாயும் தகப்பனும் பிரிந்திருக்கும் குடும்பங்களில் இது பெரிய சண்டையைத் தவிர்க்கும்.

வருகை நோட்டில் வந்த நேரம், போன நேரம் இரண்டும் வேண்டும். வந்த நேரத்தை வரும்போதே எழுதுங்கள். மாலையில் உட்கார்ந்து ஒரே மையில் எல்லாவற்றையும் நிரப்பிய நோட்டை அதிகாரி ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

மருந்து நோட்டு தனி. "ராத்திரி காய்ச்சலா இருந்துச்சு, சிரப் குடுத்துட்டேன், மறுபடி குடுங்க" என்று சொல்லிவிட்டு அவசரமாக லாரியில் ஏறிவிடுவார்கள். எந்த மருந்து, எத்தனை மில்லி, கடைசியாக எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதாமல் வாங்காதீர்கள். பாரசிட்டமால் இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நாலு மணி நேரம் வேண்டும். காலை ஏழு மணிக்குக் கொடுத்ததை மறந்து ஒன்பதுக்கு நீங்கள் மறுபடி கொடுத்தால் ஆபத்து. மருத்துவர் எழுதாத எந்த மருந்தையும், கிரைப் வாட்டர் உட்பட, நீங்களாகக் கொடுக்கக் கூடாது. வயிற்றுப்போக்குக்கு மட்டும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், பாதி பாதியாகக் கலக்கக் கூடாது.

விபத்து நோட்டை எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு மாதிரி. 'கீழே விழுந்துவிட்டான், ஒன்றுமில்லை' என்று எழுதினால் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: 'மதியம் 2.10. பின்வாசல் படியில் தண்ணீர் சிந்தியிருந்தது. வழுக்கி விழுந்தான். இடது முழங்கையில் அரை அங்குலச் சிராய்ப்பு. சோப்புத் தண்ணீரில் கழுவினேன். 2.20-க்கு அம்மாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. 2.40-க்குப் பேசினேன். பிறகு விளையாடினான். மாலை அம்மா பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.' காயம் உங்கள் வீட்டில் பட்டதா, வீட்டிலிருந்தே பட்டு வந்ததா என்ற கேள்வி எழும்போது இந்த நாலு வரிதான் பதில். அதனால் காலையில் பிள்ளை வரும்போதே உடம்பில் தடிப்போ சிராய்ப்போ இருந்தால் அதையும் தாய் முன்னாலேயே எழுதிவிடுங்கள்.

தாய்ப்பால் பிழிந்து கொடுத்துவிடும் தாய்மார் உண்டு, அவர்களை ஊக்கப்படுத்துங்கள். மலைக் குளிரில் 25 டிகிரிக்குள் இருக்கும் அறையில் அந்தப் பால் நாலு மணி நேரம் தாங்கும். டப்பாவில் பெயரும் பிழிந்த நேரமும் எழுதியிருக்க வேண்டும். மிச்சம் வைத்ததை மறுபடி புகட்டாதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம், நாக்கில் தடவவும் வேண்டாம்.

கட்டணத்தையும் எழுத்தில் முடித்துவிடுங்கள். நாள் கணக்கா மாதக் கணக்கா, மழையில் வேலை நின்ற நாளுக்கு உண்டா, தாமதமாக வந்தால் என்ன என்பதையெல்லாம். ஊருக்குள் ஒருவருக்கு ஒரு காசு, இன்னொருவருக்கு வேறு காசு என்றால் முதல் பிணக்கு அங்கேதான் வரும்.

பார்க்க வரும் நாள்

யார் வருவார்கள்? திட்டத்தின் கீழ் நடத்தினால் குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மேற்பார்வையாளர். உணவுப் பதிவு எடுத்திருந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலர். புகார் ஏதாவது போயிருந்தால் சேலத்திலிருந்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் ஆட்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வந்தவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பெயரையும் நேரத்தையும் பார்வையாளர் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவு ஆகாது. யார் வந்தாலும் எழுத வைக்கும் வீடு என்பதை அவரே குறித்துக்கொள்வார். அவருக்குக் காப்பி போட அடுப்படிக்கு ஓடாதீர்கள். பிள்ளைகளை விட்டுவிட்டு அதிகாரியை உபசரிப்பதைப் பார்த்தால் அதுவே அவர் எழுதும் முதல் குறை ஆகலாம். உட்காரச் சொல்லிவிட்டு, "பாப்பாவுக்குச் சோறு ஊட்டிட்டு வந்துடறேன் மேடம், நீங்க நோட்டப் பாத்துட்டிருங்க" என்று சொல்லலாம்.

கேள்விகள் எளிதாகத்தான் இருக்கும். இந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது? இப்போது தீப்பிடித்தால் எந்த வாசல் வழியாகப் போவீர்கள்? இவனை யார் கூட்டிப்போக வருவார்? உங்களுக்கே உடம்பு சரியில்லை என்றால் யார் பார்ப்பார்கள்? கடைசிக் கேள்விக்குப் பலரிடம் பதில் இருக்காது. மாற்று ஆள் ஒருவர் வேண்டும், அவருக்கும் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். இல்லாததை இருக்கிறது என்று சொல்லி, எடுத்துக் காட்டச் சொன்னபோது விழிப்பதைவிட அது நல்லது.

பிள்ளைகளுக்கு அன்றைக்கென்று புதுச்சட்டை போட்டு வரிசையாக உட்கார வைக்க வேண்டாம். மண்ணில் விளையாடுகிற பிள்ளையும், தூங்குகிற பிள்ளையும், அழுது உங்கள் இடுப்பில் ஏறியிருக்கும் பிள்ளையும் இருக்கும் வீடுதான் நன்றாக நடக்கும் வீடு என்று அனுபவமுள்ள அதிகாரிக்குத் தெரியும். அடிக்கிற கை ஓங்கும்போது பிள்ளை எப்படிச் சுருங்கும் என்பதும் அவருக்குத் தெரியும். பிள்ளையை அடிப்பதில்லை என்பதைத் தாய்மாரிடம் கொடுக்கும் தாளிலேயே எழுதுங்கள். "ரெண்டு போடுங்க, சொன்ன பேச்சு கேப்பான்" என்று அவர்களே சொன்னாலும் மாற்றிக்கொள்ளாதீர்கள்.

குறை ஏதாவது சொன்னால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எதை, எந்தத் தேதிக்குள் சரிசெய்ய வேண்டும் என்பது அதில் இருக்க வேண்டும். சரிசெய்த பிறகு கைபேசியில் படம் எடுத்து, தேதியோடு ஒரு கடிதமும் சேர்த்து விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதை அந்த நோட்டிலேயே ஒட்டி வையுங்கள். உணவுப் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய தேதியையும், மாற்று ஆளின் சரிபார்ப்புத் தேதியையும், முதலுதவிப் பெட்டியில் உள்ள மருந்துகளின் காலாவதி மாதத்தையும் வீட்டு நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிட்டுவிடுங்கள். அடுத்த அறுவடை தொடங்குவதற்கு முன்னால், ஐப்பசியில், இந்த அத்தியாயத்தை வைத்துக்கொண்டு வீட்டை மறுபடி ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும்.